லாபம், இரண்டு, மூன்று

மின்தூக்கி திறக்கும் இடத்தில்
துறையின் நோக்கம் சட்டமிட்டுத் தொங்குகிறது:
சிகிச்சை, போதனை, ஆய்வு.
கண்ணாடியைத் துடைக்கும் பெண்ணைத் தவிர
யாரும் அதன்முன் நின்று நான் பார்த்ததில்லை.

என் வேலை அந்த மூன்றிலும் இல்லை.
நான் எண்ணுகிறவள்.

கத்தி வைக்கும் முன் ஒருமுறை,
வயிற்றை மூடும் முன் ஒருமுறை,
தோலைத் தைக்கையில் இன்னொருமுறை.
ஊசிகள், கவ்விகள், பஞ்சுத்துணிகள்.
வாய் ஆங்கிலத்தில் சொல்லும்.
முகமூடிக்குள் நாக்கு தமிழில் எண்ணும்,
அதுவும் ஒன்று என்று தொடங்காது.
இந்தக் கெண்ட் ரிட்ஜ் மேட்டுக்குக் கீழே
பாசிர் பாஞ்சாங் சந்தையில்
வெங்காய மூட்டை இறக்கிய அப்பா
முதல் மூட்டையை லாபம் என்பார்.
முதுகு போனதும் வேலையை விட்டார்.
லாபம் மட்டும் என்னோடு வந்துவிட்டது.

அந்த வியாழன் இரவு
ஆறாம் அறையில் ஒரு டாக்சி ஓட்டுநர்.
குடலில் ஓட்டை, வயிறெல்லாம் சீழ்.
மாற்று ஓட்டுநரிடம் சாவி தரணும் என்று
மயக்க மருந்து ஏறும்வரை
மூன்று முறை சொன்னார்.
ஒரு பக்கம் பேராசிரியர் ஆங்,
எதிரே இளம்பரிதி,
கொக்கியை இழுத்துப் பிடித்தபடி
மூன்றாம் ஆண்டு மாணவி ஷஃபீக்கா.
“இது எந்த நாளம்?”
கேட்டுவிட்டு, பதில் வரும்வரை
இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருப்பார் பேராசிரியர்.

மணி ஒன்று நாற்பது.
உள்ளே போனது முப்பது.
லாபம், இரண்டு, மூன்று...
இருபத்தொன்பது.
மறுபடியும்.
இருபத்தொன்பது.

“மூடாதீர்கள்.”
தயவுசெய்து சேர்க்காமல்
பேராசிரியரிடம் நான் சொல்லக்கூடிய
ஒரே சொல் அது.

நூலை வைத்தார்.
கை திரும்ப உள்ளே போனது,
கல்லீரலுக்குப் பின்னால், மண்ணீரல் ஓரம்,
படுக்கையில் தொலைந்த தோட்டைத் தேடுவதுபோல்
மடிப்பு மடிப்பாக.
எக்ஸ்ரே உருண்டு வந்தது.
பஞ்சுத்துணிக்குள் ஓடும் நீல இழை
படத்தில் எங்கும் இல்லை.
குப்பைப் பையைத் தரையில் கொட்டி
மண்டியிட்டேன்.

அப்போது ஷஃபீக்கா மெல்ல
ஒரு காலைத் தூக்கினாள்.
காலணியின் அடியில்
பழுப்பாகி, அப்பிக்கிடந்தது
முப்பதாவது.

முகமூடி நனைய அழுதாள்.
பேராசிரியர்தான் முதலில் சிரித்தார்.
“முப்பது” என்றேன்.
“முப்பது” என்றது அறை.
நாற்பத்தேழு நிமிடம் கூடுதலாக
ஒரு மனிதர் திறந்து கிடந்தார்.
அந்தக் கணக்கை யாரும் கேட்கவில்லை.
நான் எழுதிவைத்தேன்.

புதன் காலை ஏழு மணிக் கூட்டம்.
கோப்பி, ஆறிப்போன கறிபப்.
திரையில் அவருக்குப் பெயர் இல்லை:
ஆண், அறுபத்து மூன்று.
இறந்தவர்களைப் பற்றிப் பேசும் அறை அது,
உயிரோடிருந்த ஒருவரைப் பேசியதில்
எல்லோருக்கும் கொஞ்சம் கூச்சம்.
காலணி அடியையும் எண்ணிக்கையில் சேர்க்கலாமே
என்றான் இளம்பரிதி.
பின்வரிசை சிரித்தது. பேராசிரியர் குறித்துக்கொண்டார்.
இப்போது நானூறு அறுவைகளின் செருப்படிகள்
ஒரு படிவத்தில் ஏறிக்கொண்டிருக்கின்றன.
அதுதான் ஆய்வாம்.
என் பெயர் ஆறாவதாக வருமாம்.

டாக்சிக்காரர் பிழைத்தார்.
ஆனால் காயம் புரையோடி
மூன்று வாரம் படுத்திருந்தார்.
அந்த நாற்பத்தேழு நிமிடத்தாலா,
எப்படியும் ஆகியிருக்குமா,
எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.
ஒருநாள் மதியம் அவர் கட்டில்வரை போனேன்.
மாற்று ஓட்டுநர் போலும், பக்கத்தில் உட்கார்ந்து
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.
என்னைப் பார்த்து, மருந்தா என்றார்.
இல்லை என்று திரும்பிவிட்டேன்.

இன்று எட்டு மணிக்குப் பித்தப்பை. சின்ன வேலை.
கதவருகே ஷஃபீக்கா
சுவரைப் பிடித்து ஒரு காலை மடக்கி
அடியைப் பார்க்கிறாள்.
பிறகு மற்றதை.
நான் கட்டைப் பிரித்து
பச்சைத் துணிமேல் முதலாவதை வைக்கிறேன்.

லாபம்.